பென் டிரைவிலிருந்து ஃபயர்பாக்ஸ் திறக்க நான்கு நிமிடம் ஆகிறது

கணினியில் நிறுவாமலே ஓடும் போர்ட்டபிள் வடிவில் ஃபயர்பாக்ஸ் (பிரவுசர்), தண்டர்பேர்டு (மின்னஞ்சல்), லிப்ரே ஆபீஸ் (ஆவணங்கள்), கீபாஸ் (கடவுச்சொல் பெட்டகம்) நான்கையும் ஒரே பென் டிரைவில் போட்டு, எந்தக் கணினியில் அமர்ந்தாலும் என் சொந்தக் கணினி போலவே வேலை பார்த்துவந்தேன். பத்து நாளாக எல்லாம் ஆமை வேகம். கீபாஸ் மட்டும் உடனே திறக்கிறது. மிகச் சிறிய நிரல், அதனால் இருக்கலாம். ஃபயர்பாக்ஸைச் சொடுக்கினால் வெள்ளைத் திரை உறைந்து நிற்கிறது, டிரைவின் விளக்கு மட்டும் விடாமல் மினுக்குகிறது.

64 ஜிபி, யூஎஸ்பி 3.0, வாங்கி இரண்டு ஆண்டு, 9 ஜிபி காலி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதே கதைதான்.

போர்ட்டை மாற்றிப் பார்த்தேன். பிழைச் சோதனையில் எதுவும் சிக்கவில்லை. பார்த்த பக்கங்களை பிரவுசர் டிரைவில் சேமித்துவைக்கும் டிஸ்க் கேஷை நிறுத்தினேன். ஆன்டிவைரஸில் விலக்கு கொடுத்தேன். டிரைவின் ஃபைல் சிஸ்டத்தை (கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) எக்ஸ்ஃபேட்டிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றி எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியதும் இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அதே கோப்புறையைக் கணினியின் உள் டிஸ்க்கில் நகலெடுத்தால் ஐந்து வினாடியில் திறக்கிறது!

இன்னொன்று: 2 ஜிபி வீடியோ ஒன்றை டிரைவுக்கு நகலெடுத்தால் சீராகப் போகிறது. ஆயிரக்கணக்கில் சிறு கோப்புகள் உள்ள ஃபயர்பாக்ஸ் புரொஃபைலை (என் அமைப்புகள், புக்மார்க்குகள் இருக்கும் கோப்புறை) எழுதும்போதுதான் நொண்டுகிறது. (தரவுகளுக்கு வேறிடத்தில் நகல் இருக்கிறது, அந்தக் கவலை இல்லை.)

சிறு கோப்புகளை எழுதும்போது மட்டும் இப்படித் திணறும் டிரைவை மீட்க வழி உண்டா?