போகாஸ்டெல் சிவப்பு ஒயின்ல குதிரை லாய வாசனை: குணமா, குறையா?

ரோன்கிறுக்கன்: பிரான்ஸ்ல ரோன் பக்கம் ஷாதோநெஃப் து பாப்ங்கற ஒயின் வட்டாரத்துல இருக்கற ஷாத்தோ த போகாஸ்டெல் ஒயின் தோட்டம் தெரியும்ல, 1909ல மாமனார் வாங்குனது மருமகன் கைக்குப் போயி இப்ப பெரான் குடும்பத்துல அஞ்சாவது தலைமுறை நடத்துது. அக்கம்பக்கத்துல முக்காவாசிப்பேர் கிரெனாஷ் திராட்சையவே நம்பி இருக்கறப்ப இவங்க அனுமதியுள்ள 13 திராட்சை வகையும் நட்டு, அதுல மூர்வேத்ர்ங்கற வகைய மட்டும் கிரெனாஷ் அளவுக்கே போடுறாங்க. தோல், கறி, லாயம் எல்லாம் கலந்த அந்த வாசனை அதுலேர்ந்துதான் வருது. அது பிடிக்கலன்னா வேற பாட்டில் தொறங்க.

லேப்வாசி: மூர்வேத்ர் மேல பழி போடாதீங்க பாஸ். அது பிரெட்டனோமைசஸ், சுருக்கமா பிரெட்ங்கற ஈஸ்ட் வேலை, அது விடற 4-எத்தில்ஃபீனால்ங்கற ரசாயனம்தான் அந்த லாயமும் பிளாஸ்திரி வாடையும். பன்தோல்ங்கற இன்னொரு பிரெஞ்சு வட்டாரத்து சிவப்பு ஒயின்ல சட்டப்படியே பாதிக்குக் குறையாம மூர்வேத்ர் இருக்கணும், அங்க எல்லா பாட்டிலும் லாயமாவா நாறுது?

ரோன்கிறுக்கன்: சரி, ஆனா இவங்க பறிச்ச திராட்சைய 80 டிகிரிக்கு சூடாக்கி உடனே குளிர வைக்கறாங்களே, குடும்பத்துல முன்தலைமுறை ஜாக் பெரான் காலத்துலேர்ந்து அதானே முறை, அதுல எந்த ஈஸ்ட் உயிரோட இருக்கும்?

லேப்வாசி: அது நொதிக்கறதுக்கு முன்னாடி, அதுவும் கொஞ்ச நேரம், தோலுக்கு மட்டும் படற சூடு. நிறம் நல்லா இறங்கும், ஒயின் சீக்கிரம் ஆக்சிடைஸ் ஆகாது, அதனால ஒயின் கெடாம, கிருமி வளராம இருக்கப் போடற சல்பர் கம்மியா போட்டா போதும்னுதான் செஞ்சாங்க. அப்புறம் ஒயின் பெரிய பழைய ஓக் பீப்பாய்ல மாசக்கணக்கா கிடக்கும், பிரெட் பூந்து குடித்தனம் பண்றது அங்கதான். சல்பர் கம்மின்னா அதுக்கு கொண்டாட்டம்தானே.

கடைசிபெஞ்ச்: நடுவுல வர்றேன், தோட்டம் 1950லேர்ந்து ஆர்கானிக், அதையும் சொல்லுங்கப்பா. காசு இல்லாதவங்க இவங்களோட கூதுலேங்கற ஒயின வாங்குங்க, ஏ7 ஹைவேக்கு அந்தப்பக்கம் இருக்கற இவங்க தோட்டம்தான், ஷாதோநெஃப்னு இல்லாம கோத் து ரோன்ங்கற பொதுவான வட்டாரப் பேர்ல லேபிள் ஒட்டறதால விலை கம்மி.

லேப்வாசி: விலை பிரச்சினை இல்ல. 1989, 1990 பாட்டில்கள எடுத்துக்கோங்க, ஒரே பெட்டிலேர்ந்து ஒண்ணு அமிர்தம், அடுத்தது மூக்கப் பொத்தணும். பிரெட் உள்ள இருந்தா, வச்ச இடம் சூடா இருந்தாலே பாட்டிலுக்குள்ள வளரும். இவ்ளோ காசு வாங்கிட்டு லாட்டரி மாதிரி விக்கறத பாரம்பரியம்னு சொல்லாதீங்க.

ரோன்கிறுக்கன்: அதே 1989லதான் மூர்வேத்ர் மிகுதியா போட்டு ஜாக் பெரான் பேர்ல ஓமாஜ்ங்கற இவங்க ஸ்பெஷல் ஒயினும் மொதல்முறையா வந்துச்சு, இன்னிக்கும் ஆளுங்க தேடி அலையறாங்க. சமீப வருஷங்கள்ல சுத்தமா, பழவாசனையா வருது, எனக்கு அதுதான் போரடிக்குது, யாருக்காவது பழைய லாய பாட்டில் வேண்டாம்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க.