திஹுவானாவில் நான்கு நாளில் ஒரு வீடு: வாலிபர் மிஷன் பயணம், அனுபவப் பகிர்வு

வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர், கலிபோர்னியா

ஜூலையில் எங்கள் ஐக்கியத்திலிருந்து 22 பேர் எல்லை தாண்டி மெக்சிகோவின் திஹுவானாவுக்கு, ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டப் போகிறார்கள். அதில் 16 பேர் பதினெட்டு வயதுக்குக் கீழே. 11க்கு 22 அடி, இரண்டு அறை, கான்கிரீட் தளம், மரச்சட்டச் சுவர், அதன்மேல் சாந்துப் பூச்சு. மின்சாரக் கருவி கிடையாது, நான்கு நாள். பாட்டு, சாட்சி, ஜெபக்குறிப்பு எல்லாம் தயார். கட்டட வேலையில் எது எங்கே கெடும் என்று தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

பயண ஏற்பாடு பார்க்கும் சகோதரி

முதலில் தாள்கள். அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைகள் தரைவழியாகத் திரும்பும்போது, 16 வயதுக்குள் என்றால் பிறப்புச் சான்றிதழ் போதும். சபையோ பள்ளியோ கூட்டிப்போகும் குழுவில் இருந்தால் அந்தச் சலுகை 19 வயதுக்குள் இருப்பவர்களுக்கும் உண்டு. அதற்குச் சபையின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வேண்டும். பயணத்தின் பெயர், கூட வரும் பெரியவர்கள், ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், முகவரி, பெற்றோர் பெயர், பெற்றோர் சம்மதம் பெற்றாகிவிட்டது என்ற உறுதிமொழி, பொறுப்பாளர் கையெழுத்து என எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆனால் இது திரும்பி வருவதற்குத்தான். மெக்சிகோவின் நுழைவுப் படிவத்துக்குப் பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள். எல்லாருக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுவதே நல்லது.

நம் சபைகளில் எச்-4 விசாவில் (அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளும் உண்டு. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனியாக மெக்சிகோ விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் அந்த விலக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பே ஒவ்வொருவர் முத்திரையையும் வாங்கிப் பாருங்கள்.

அமெரிக்க வண்டிக் காப்பீடு அங்கே செல்லாது, மெக்சிகோ காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். வாடகை வேன் என்றால் நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி கையில் இருக்கட்டும். வேட்டைக்குப் போகிற யாருடைய வண்டியையாவது இரவல் வாங்கினால், இருக்கைக்கு அடியில், டிக்கியின் ஓரத்தில் கைவிட்டுத் தேடுங்கள். ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் மெக்சிகோவில் அது பெரிய குற்றம்.

கான்கிரீட் வேலை தெரிந்தவர்

முதல் நாள் தளம். கான்கிரீட்டை அடக்கி நிறுத்தும் அச்சுக்கு 2க்கு 4 அங்குல மரச் சட்டத்தையே நெட்டுக்கு நிறுத்தி அடிப்பார்கள். பெயரில்தான் 4 அங்குலம், இழைத்த பிறகு அது 3½ தான். 11க்கு 22 அடிக்கு அந்தக் கனத்தில் ஏறக்குறைய 2 கன மீட்டர் கான்கிரீட் ஆகும். சிமென்ட் 1, மணல் 2, ஜல்லி 3 என்று கலந்தால் 50 கிலோ மூட்டை 14 போகும். சுவர் நிற்கும் விளிம்பைச் சுற்றி 8 அங்குல அகலத்தில் இன்னும் 6 அங்குலம் ஆழமாகத் தோண்டுவது நல்லது. அதற்கு 4, 5 மூட்டை கூடும். 20 மூட்டையாக இறக்கிவிடுங்கள்.

அச்சு அடித்ததும் மூலைக்கு மூலை நாடா பிடியுங்கள். இரண்டு பக்கமும் 24 அடி 7 அங்குலம் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வர வேண்டும். ஒரு பக்கம் ஓர் அங்குலம் கூடியிருந்தாலும் மூலை மட்டம் இல்லை என்று அர்த்தம். அதைத் தளத்தில் விட்டால் கூரைப் பலகை வரை துரத்திக்கொண்டே வரும். பத்து நிமிடம் போனாலும் சரி, ஆப்பைப் பிடுங்கித் திருப்பி அடியுங்கள்.

மனைகள் பெரும்பாலும் மலைச்சரிவில் இருக்கும். பழைய டயர்களை அடுக்கி மண் நிரப்பித் தடுப்புச் சுவர் கட்டியிருப்பார்கள். சரிவின் விளிம்பில் புதிதாகக் கொட்டிய மண்ணின்மேல் தளத்தின் ஓரம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் அங்கே குளிர்காலத்தில். ஜூலையில் கல்லாகத் தெரியும் மண் ஜனவரியில் இறங்கும், தளம் விரியும்.

கலப்பது கையால், மரத் தொட்டியில். ஒரு மூட்டைக்கு 19 லிட்டர் வாளியில் மணல் 3½, ஜல்லி 5½. மணலையும் சிமென்ட்டையும் முதலில் உலர்ந்தபடியே ஒரே நிறம் வரும்வரை மூன்று முறை புரட்ட வேண்டும். பிறகு ஜல்லி, நடுவில் குழி, கடைசியில் தண்ணீர். தண்ணீர் ஒரு மூட்டைக்கு 25 லிட்டர்தான், அதாவது ஒரு வாளியும் அடுத்ததில் மூன்றில் ஒரு பங்கும். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும்.

பிள்ளைகள் கை வைக்கும்போது வேலை கெடுவது இந்த இடத்தில்தான். பத்தாவது தொட்டியில் தோள் வலிக்கும், மண்வெட்டி ஏறாது, யாராவது அரை வாளி கூட ஊற்றுவார்கள். கலவை உடனே லேசாகிவிடும், எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அந்தத் தண்ணீர் மேலே ஏறி, சிமென்ட் பாலைக் கூடவே இழுத்து வந்து, தளத்தின் முகத்தைப் பலவீனமாக்கிவிடும். பிறகு அந்த வீட்டு அம்மா எத்தனை முறை பெருக்கினாலும் துடைப்பத்தோடு சாம்பல் நிறத் தூள் வந்துகொண்டே இருக்கும். ஆகவே தண்ணீர் வாளிக்கு ஒரே ஒரு ஆளை வையுங்கள், பெயர் சொல்லி நியமியுங்கள். வேறு யாரும் தொடக் கூடாது. ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் ஒழுகக் கூடாது.

மேலே ஏறிய நீர் வற்றும் முன்னே கரணை போடாதீர்கள், உலர வைக்கிறேன் என்று சிமென்ட் தூளும் தூவாதீர்கள். மூன்று தொட்டி, தொட்டிக்கு நாலு பேர், காலை 7 மணிக்குத் தொடக்கம். சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாக எழுந்தால் பழைய கான்கிரீட்டுக்கும் புதியதுக்கும் நடுவில் இணைப்புக் கோடு விழும். பாதிப் பாதியாக அனுப்புங்கள்.

தச்சு வேலை பார்ப்பவர்

சகோதரர் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று: ஜே போல்ட், அதாவது சுவரின் அடிச்சட்டத்தைத் தளத்தோடு பிடித்து வைக்கும் வளைந்த போல்ட். தளம் இறுகும் முன் நட வேண்டும். கதவு வரும் இடத்தில் கூடாது, செங்குத்துச் சட்டம் உட்காரும் இடத்திலும் கூடாது. அச்சுப்பலகையிலேயே பென்சிலால் குறித்துவிட்டால் அவசரத்தில் தப்பாது. மூலையிலிருந்து ஓர் அடிக்குள் ஒன்று கட்டாயம். ஆழமாகத் தோண்டிய விளிம்பு இருந்தால்தான் 7 அங்குலம் உள்ளே பிடிக்கும்.

சட்டங்களை அறுக்கும்போது ஒன்றை மட்டும் சரியாக அறுத்து ‘தாய்’ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் அதை வைத்தே குறிக்க வேண்டும். கடைசியாக அறுத்ததை வைத்து அடுத்ததைக் குறித்தால் ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டின் கனம் கூடும், இருபதாவது சட்டம் அரை அங்குலம் நீண்டு நிற்கும். கைரம்பத்தில் புதியவர்களுக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் அறுக்க, ஒருவர் தொங்கும் முனையைத் தாங்க. தாங்காவிட்டால் ரம்பம் சிக்கும், முனை பிளந்துகொண்டு விழும்.

சுவர் நிமிர்ந்ததும் தூக்குக்குண்டு பார்த்து, குறுக்குச் சட்டம் அடித்துவிட்டுத்தான் கூரையில் ஆள் ஏற வேண்டும். கூரை சீக்கிரம் முடியும்: சுவருக்கு வெளியே நீளும் ஓரத்தையும் சேர்த்து 12க்கு 24 அடிக்கு ஓ.எஸ்.பி. (மரச்சீவலை ஒட்டி அழுத்திய) பலகை, 4க்கு 8 அடி அளவில், சரியாக 9, தார்ச்சுருள் 4. சுருளைத் தாழ்ந்த ஓரத்திலிருந்து மேல்நோக்கி விரியுங்கள்.

பூச்சு வேலை தெரிந்த இன்னொருவர்

நம் ஊர்ச் செங்கல் சுவர்ப் பூச்சை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே பின்னால் சுவரே இல்லை. சட்டத்துக்குச் சட்டம் கட்டுக்கம்பி, அதன்மேல் தார்த்தாள், அதன்மேல் கோழிவலை, அதன்மேல் சாந்து.

கம்பி 6 அங்குலத்துக்கு ஒரு வரிசை, வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக நிற்க வேண்டும். இரண்டு முனையிலும் அடித்துவிட்டு, நடுச் சட்டத்தில் மேலேயோ கீழேயோ இழுத்து ஆணி அடித்தால் விறைக்கும். தொய்ந்தால் தாள் உள்ளே வயிறு விடும். சட்டங்களுக்கு நடுவில் சாந்து இரண்டு மடங்கு கனமாகவும் சட்டத்தின்மேல் மெல்லியதாகவும் நிற்கும், அந்த மெல்லிய இடத்தில் நேர்கோடாக வெடிப்பு வரும். வெளியிலிருந்து பார்த்தாலே சட்டம் எங்கே இருக்கிறது என்று எண்ணிவிடலாம்.

தாளைக் கீழிருந்து மேலே, மேல் வரிசை கீழ் வரிசையை 2 அங்குலம் மூடும்படி. வலை தாளோடு ஒட்டிக் கிடக்கக் கூடாது, கால் அங்குலம் விலகி நின்றால்தான் சாந்து பின்னால் போய்ப் பிடிக்கும்.

சாந்து சிமென்ட் 1, மணல் 4, கொஞ்சம் சுண்ணாம்பு. ஒரு மூட்டைக்கு 7 வாளி மணல். முதல் பூச்சு மூன்று நூல் கனம், நான்கு மூட்டை ஆகும். சற்று இறுகியதும் கிடைமட்டமாகக் கீறிவிடுங்கள், நெட்டுக்கு அல்ல. காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்குமேல் கிழக்குச் சுவர் என்று நிழலிலேயே வேலை செய்யுங்கள். வெயில் முகத்தில் பூசினால் கையை எடுக்கும் முன்னே வெளுத்துவிடும்.

நர்ஸ் வேலை பார்க்கும் சகோதரி

ஈரச் சிமென்ட் தோலை எரிக்கும், அதுவும் உடனே வலிக்காது. ஈரக் கான்கிரீட்டில் முட்டிபோட்டு வேலை செய்த பிள்ளைக்கு மாலையில்தான் புண் தெரியும். அரைக்கால் சட்டை வேண்டாம். துணிக் கையுறை நனைந்தால் சுண்ணாம்புத் தண்ணீரைத் தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், ரப்பர் கையுறையே வேண்டும். பட்டுவிட்டால் தூளை முதலில் தட்டிவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு. குடிக்க, பல் துலக்க கேன் தண்ணீர் மட்டும்.

நீண்ட நாளாக இந்த ஊழியத்தில் இருப்பவர்

1980ல் தொடங்கிய அமோர் மினிஸ்ட்ரீஸ் போன்ற, வீடு கட்டித் தரும் அமைப்புகள் வழியாகப் போனால் மனைப் பத்திரம், குடும்பத் தேர்வு எல்லாம் முன்னமே பார்த்திருப்பார்கள். தனியாகப் போகும் சபைகள் இதில்தான் சறுக்கும். மனை அந்தக் குடும்பத்தின் பெயரில் இல்லை என்றால் வீடு கட்டிக் கொடுத்தும் அவர்களை எழுப்பிவிடலாம்.

உள்ளூர்க் கொத்தனார் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட வையுங்கள். அங்கே அவரை ‘மாஎஸ்த்ரோ’ என்றுதான் அழைப்பார்கள். போர்த்துக்கீசிய மெஸ்த்ரே வழியாக நம் வாய்க்கு வந்த மேஸ்திரியும் அதே சொல்தான். அவர் ‘நோ மாஸ் அகுவா’ (இனித் தண்ணீர் வேண்டாம்) என்றால் வாளியைக் கீழே வையுங்கள். சிமென்ட், மணலை அந்தப் பகுதிக் கடையிலேயே வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. நான்காம் நாள் மதியம் சாவி கொடுத்து, ஜெபம் செய்து, படம் எடுத்துக் கிளம்பிவிடுவோம். பூச்சுக்கு அப்போதுதான் தண்ணீர் தேவை. காலையும் மாலையும் இரண்டு நாளாவது நனைக்க வேண்டும். அங்கே பல தெருக்களில் குழாய் கிடையாது, ‘பிப்பா’ என்ற தண்ணீர் லாரி வரும், காசு கொடுத்து டிரம்மில் பிடிப்பார்கள். சமைக்க வாங்கிய தண்ணீரைச் சுவரில் ஊற்ற எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆகவே 200 லிட்டர் டிரம் இரண்டு தனியாக வாங்கி, மூன்றாம் நாளே லாரிக்காரரிடம் காசு கொடுத்து நிரப்பி, ‘சுவருக்கு’ என்று ஸ்பானியத்தில் எழுதி வையுங்கள். எப்படித் தெளிப்பது என்று வீட்டில் பெரிய பிள்ளையிடம் ஒருமுறை செய்து காட்டுங்கள். ஈரம் காய்ந்து டிரம் காலியானதும் அவை அந்த வீட்டுக்கே.