'லே மிசரபிள்' நாவலில் எந்தப் பகுதிகளைத் தாண்டக் கூடாது?

நூலக வாசகி, லண்டன்:
எங்கள் பகுதி நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுகிறோம். இந்த முறை, மேடை இசைநாடகமாக மாறிய நாவல்கள். முதலில் விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசரபிள்'. ஆயிரம் பக்கத்துக்கு மேல் என்றதும் பாதிப் பேர் சுருக்கப் பதிப்பு போதும் என்கிறார்கள். நாடகம் பார்த்தாயிற்று, கதை தெரியும், அப்புறம் எதற்கு நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரும் பாரிஸ் சாக்கடை வரலாறும் என்று கேட்கிறார்கள். முழுதும் படித்தவர்கள் சொல்லுங்களேன்.

பழைய வாசகர்:
சாக்கடை வரலாற்றைத் தாண்டினால் பரவாயில்லை. வாட்டர்லூவில் கடைசி அத்தியாயத்தையாவது கட்டாயம் படிக்கச் சொல்லுங்கள். போர் முடிந்த இரவில் ஒருவன் பிணங்களின் பையைத் துழாவுகிறான். அவன்தான் தெனார்தியே. திருடும்போது குவியலுக்கு அடியிலிருந்து ஓர் அதிகாரியை இழுத்துப் போட, அவர் பிழைத்துக்கொள்கிறார். அவர்தான் பின்னால் கதையில் வரும் இளைஞன் மரியுஸின் அப்பா. தன்னைக் காப்பாற்றியவனுக்கு முடிந்த நன்மையெல்லாம் செய் என்று மகனுக்கு எழுதி வைத்துவிட்டுச் சாகிறார்.

பிறகு பாரிஸில் தெனார்தியே கும்பல் கதாநாயகன் வல்ழானைக் கட்டிவைத்து மிரட்டுகிறது. பக்கத்து அறையில் சுவர் ஓட்டை வழியாகப் பார்க்கும் மரியுஸ் அடையாளமாகத் துப்பாக்கியால் ஒரு முறை சுட்டால் போதும், போலீஸ் வந்துவிடும். தெனார்தியே என்ற பெயர் காதில் விழுந்ததும் அவனால் சுட முடியவில்லை. இந்த முடிச்சு மேடையில் இல்லவே இல்லை. அங்கே தெனார்தியே நம்மைச் சிரிக்க வைக்கும் சத்திரக்காரன். எனக்கு அதில் தீராத மனத்தாங்கல் உண்டு.

தெனார்தியேயின் மகள் எப்போனினையும் பாருங்கள், மரியுஸை ஒருதலையாகக் காதலிப்பவள். நாவலில் மரியுஸைக் கலகக்கார மாணவர்களின் தடுப்பரணுக்கு வரவழைப்பதே அவள்தான், அவனும் தன்னோடு சாகட்டும் என்று. மரியுஸின் காதலி, வல்ழானின் வளர்ப்பு மகள் கோசெத் அவனுக்கு எழுதிய கடிதத்தை ஒளித்தும் வைக்கிறாள். கடைசியில் அவனைக் குறிபார்த்த துப்பாக்கி வாயில் கையை வைத்துக் குண்டைத் தான் வாங்கிக்கொள்கிறாள். தெருச்சிறுவன் கவ்ரோஷ் அவளுடைய தம்பி என்பதை நாடகம் சொல்வதே இல்லை.

பாட்டுப் பிரியை:
நாடகத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். 1980இல் பாரிஸிலும் 1985இல் லண்டன் பார்பிகன் அரங்கிலும் மேடையேறியது இன்னும் ஓடுகிறதே! முதல் பாதியின் முடிவில் வல்ழான், அவனைத் துரத்தும் இன்ஸ்பெக்டர் ழவேர், எப்போனின், மாணவர்கள் எல்லோரும் அவரவர் நாளையை ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். நாவலில் ஒருவருக்குப் பின் ஒருவராகத்தான் சொல்ல முடியும். அதையும் கூட்டத்தில் பேசுங்கள்.

மதுரைக்காரன்:
சுத்தானந்த பாரதியார் இதை 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். 1950இல் படமாகவும் வந்தது. அதில் ழவேரை ஜாவர் என்பார்கள்; அந்த இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமனுக்குக் கடைசிவரை ஜாவர் சீதாராமன் என்றே பெயர்.

நூலக வாசகி:
சரி, வாட்டர்லூவைச் சேர்த்துவிட்டேன். தொடக்கத்தில் பிஷப்பைப் பற்றி வருவது நீளமாக இருக்கிறதே, அதை விடலாமா?

பழைய வாசகர்:
கூடவே கூடாது! அதற்காகவே 14 அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். பிஷப் தன் மாளிகையைப் பக்கத்து மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டு, அதன் சின்னக் கட்டடத்துக்குக் குடிபோகிறார். வெள்ளிச் சாமானைத் திருடிய வல்ழானிடம் வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கிகளையும் நீட்டுவாரா ஒரு மனிதர் என்று நாடகம் பார்த்தபோது உங்கள் ஆட்களில் யாராவது நிச்சயம் நினைத்திருப்பார்கள். முதல் கூட்டத்துக்கு அந்தப் பகுதி மட்டும் போதும்.