12 இஞ்ச் பலூன் எவ்வளவு எடை தூக்கும்?

மொட்டைமாடி:
மாலை 6 மணி விழாவுக்கு 20 கிராம் அட்டைப் படம் ஒண்ணை ஹீலியம் பலூன்ல தொங்கவிடணும். 12 இஞ்ச் ரப்பர் பலூன் எத்தனை வேணும்? முந்தின நாளே அடைச்சு வைக்கலாமா? வாயால ஊதினா ஏன் ஏறமாட்டேங்குது?

தராசுமுள்:
தூக்குறது ஹீலியம் இல்லை சார், சுத்தி இருக்கிற காத்துதான். காலிக் குடத்தைத் தண்ணிக்குள்ள அமுக்கினா எகிறுதே, அதே கதை. பலூன் எவ்வளவு காத்தை விலக்குதோ, அந்தக் காத்தோட எடை அளவுக்கு மேல தள்ளும். 30 டிகிரியில 1 லிட்டர் காத்து சுமார் 1.16 கிராம், ஹீலியம் 0.16 கிராம். லிட்டருக்கு 1 கிராம் லாபம்.

30 செ.மீ. அகலத்துக்கு ஊதினா 14 லிட்டர் பிடிக்கும். ரப்பர் 3 கிராம், ரிப்பன் 1 கிராம் போக 10 கிராம் மிச்சம். ரெண்டு பலூன் கணக்குக்குச் சரி, ஆனா அந்தரத்துல நிக்குமே தவிர ஏறாது. மூணு கட்டுங்க.

வாயால ஊதினதுல லாபமே கிடையாது. உள்ளேயும் காத்து, அதுவும் ரப்பர் இறுக்குறதால கொஞ்சம் நெரிசலான காத்து. அதுக்கு மேல 3 கிராம் ரப்பர்.

நூல்கண்டு:
பெரும்பாலும் தப்பு நடப்பது அளவில்தான். 30 செ.மீ. வரவேண்டியதை 25-இல் நிறுத்தினால் 8 லிட்டர்தான். சுமக்கும் எடை 10 கிராமிலிருந்து 4 கிராமாக விழுந்துவிடும். அட்டைப்பெட்டியில் 30 செ.மீ. வட்டம் வெட்டி, ஒவ்வொரு பலூனையும் அதில் நுழைத்துப் பாருங்கள்.

முந்தின நாள் வேண்டாம். ஹீலியம் அணு ரப்பர் வழியாகவே கசியும். பலூன் 20 செ.மீ.க்குச் சுருங்கினால் உள்ளே 4 லிட்டர். அது ரப்பருக்கும் ரிப்பனுக்கும்தான் காணும். மதியம் 3 மணிக்கு மேல் அடையுங்கள். மறுநாளும் மிதக்கவேண்டும் என்றால் ஃபாயில் பலூன் வாங்குங்கள்.

மொட்டைமாடி:
ஏசி ஹால்ல பலூன் சுருங்குமே, தூக்குறது குறையாதா?

தராசுமுள்:
பலரும் அப்படித்தான் சொல்றாங்க, தப்பு. குளிர்ல ஹீலியம் சுருங்குற அளவுக்கே வெளிக்காத்தும் கனமாகும். தள்ளுவிசை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஃபாயில் கொஞ்சம் தொளதொளன்னு தெரியும், அவ்வளவுதான். வில்லங்கம் எதிர்ப்பக்கம்: ஏசியில முட்ட அடைச்ச ஃபாயிலை வெயிலுக்குக் கொண்டுபோனா தையல் பிரியும், ஃபாயில் விரியாதில்லையா.

நூல்கண்டு:
ஒன்று விட்டுப்போயிற்று. காஸ்டிக் சோடாவில் அலுமினியத் துண்டு போட்டு அங்கேயே கேஸ் தயாரிப்பவரிடம் வாங்காதீர்கள். அது ஹைட்ரஜன். ஹீலியத்தைவிட 8 சதவீதம்தான் கூடுதலாகத் தூக்கும். ஆனால் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். கேக் மெழுகுவர்த்தி பக்கத்தில் இருக்குமே.