தம்பியை அடித்தவனின் அம்மா வந்து கெஞ்சிவிட்டுப் போகிறார், என்ன செய்வது?

கொட்டாஞ்சேனைக்காரன்:
கிரிக்கெட் விளையாடப் போன இடத்தில் வாய்த்தர்க்கம் முற்றி, என் தம்பியை நாலு பேர் சேர்ந்து ஹெல்மெட்டால் அடித்துவிட்டார்கள். மணிக்கட்டு முறிந்து பிளாஸ்டர் போட்டிருக்கிறது. அவனுடைய சினேகிதர்கள் "நீங்கள் ஓம் என்று சொன்னால் போதும் அண்ணா" என்று கேற்றடியிலேயே நிற்கிறார்கள். நேற்று அடித்தவன் ஒருவனின் அம்மா வந்து பொலிஸ் முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லி அழுதார். எங்கள் அம்மா முதலில் கதவே திறக்கவில்லை, அப்புறம் மனம் கேட்காமல் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். அதிலிருந்து தம்பி எங்கள் இருவரோடும் பேசுவதில்லை. நீதி வாசகம் எழுத வேண்டாம், அதெல்லாம் ஓஎல் (சாதாரண தர) வகுப்பிலேயே மனப்பாடம்.

வெள்ளவத்தை அக்கா:
அடி வாங்கியது யார்? அவனிடம் கேட்டீர்களா? 2005இல் தன்னைக் கொல்லச் சதி செய்ததாகத் தண்டனை பெற்ற முன்னாள் புலி உறுப்பினருக்கு, அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 2016 ஜனவரியில் மன்னிப்புக் கொடுத்தார். உயிர் அவருடையது, மன்னிக்கிற உரிமையும் அவருக்கு இருந்தது. அதே மனிதர் 2019 நவம்பரில், பதவி முடிகிற நேரம், கொழும்பு றோயல் பார்க் அடுக்குமாடியில் ஓர் இளம்பெண்ணைக் கொன்ற கைதியையும் விடுவித்தார். அங்கே செத்தது வேறு வீட்டுப் பிள்ளை. 2024இல் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. தம்பியைக் கேட்காமல் நீங்களும் அம்மாவும் பெருந்தன்மை காட்டினால் அது இந்த இரண்டாவது வகைதான்.

ஜெம்பட்டா வீதி:
முதலில் கேற்றடியில் நிற்பவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, பழிவாங்கப் போகாதீர்கள் என்று கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். அப்படியும் மே மாதம் மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகளை எரித்தார்கள். அந்தக் கடைக்காரர்களுக்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் பையன்களும் அந்த நாலு பேரைத் தேடிப் போய், கிடைக்கிற ஐந்தாவது ஆளை அடித்துவிட்டு வருவார்கள்.

பெயர் வேண்டாம்:
எல்லாரும் முறைப்பாட்டையும் பழிவாங்கலையும் ஒரே பையில் போடுகிறீர்கள். முறைப்பாடு இருக்கட்டும். எலும்பு முறிவு சட்டப்படி கடுங்காயம், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை முக்கியம், ஆஸ்பத்திரித் துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள். இரக்கம் காட்ட ஆசையென்றால் தண்டனையைக் குறைக்கச் சொல்லி நீதிமன்றத்திலேயே கேட்கலாமே. வாபஸ் வாங்கித்தான் இரக்கம் காட்ட வேண்டும் என்று யார் சொன்னது? அந்த அம்மா பாவம்தான், ஆனால் அடித்தவன் ஏன் வரவில்லை?

கொட்டாஞ்சேனைக்காரன்:
அக்கா சொன்னபடி தம்பியிடம் கேட்டேன். "திருப்பி அடிக்க யாரும் போகக்கூடாது, போனால் எனக்குத்தான் கரைச்சல். முறைப்பாட்டை எடுக்கவும் மாட்டேன். அவன் அம்மாவை அனுப்பாமல் தானே வந்து என் முகத்தைப் பார்த்துப் பேசட்டும், அப்புறம் யோசிக்கிறேன்" என்றான். சினேகிதர்களிடம் அவனே போன் எடுத்துச் சொல்லிவிட்டான், ஒருவனுக்கு மட்டும் இன்னும் கோபம். அந்த அம்மாவுக்கு இதை நாளைக்குப் போய்ச் சொல்லப்போகிறேன்.