புதுப்பிப்பு: 4கே படம் திக்கித் திக்கி ஓடிய சிக்கல் தீர்ந்தது

டிவியோடு இணைத்த மீடியா பிளேயர் பெட்டியில் 4கே படங்கள் அடிக்கடி நின்று வட்டம் சுற்றுகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் ரூட்டரிலிருந்து பிளேயருக்கு லேன் கேபிள் இழுத்தேன். சாதாரணப் படங்கள் சரியாக ஓடின. பெரிய 4கே கோப்புகள் மட்டும் சண்டைக் காட்சி வந்தாலே திக்கின. இதை எதிர்பார்க்கவே இல்லை. பிளேயரின் லேன் போர்ட் வினாடிக்கு 100 மெகாபிட் வரைதான் தாங்குமாம். அந்தக் கோப்புகள் சில இடங்களில் அதையும் தாண்டுகின்றன.

கைகொடுத்தது, கேபிளைக் கழற்றிவிட்டு, வேகம் கூடிய 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறச் சொன்ன யோசனைதான். முன்பு பெட்டி வேகம் குறைந்த 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயர் என்பதால் தெரியவில்லை. ரூட்டரில் பெயர்களைப் பிரித்தேன். அப்புறம் டிவிக்குப் பின்னால் கிடந்த பெட்டியை முன்னால் வைத்ததும் சிக்னல் இன்னும் ஏறியது. நேற்று இரண்டரை மணி நேரப் படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை.