புதிய இரட்டைத் தொட்டி சிங்க்: சுவரிலுள்ள கழிவுத் துளை உயரமாக இருக்கிறது, நெளிகுழாய் போதுமா?

கேள்வி: மடிப்பாக்கம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறோம். சமையல் மேடையின் கிரானைட்டை மாற்றும்போது, 200 மி.மீ. ஆழமுள்ள பழைய ஒற்றைத் தொட்டியை எடுத்துவிட்டு, 250 மி.மீ. ஆழமுள்ள இரட்டைத் தொட்டி சிங்க்கை மேடையின் மேலிருந்து பதித்திருக்கிறோம். மேடையின் மேல்மட்டம் தரையிலிருந்து 860 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. சுவருக்குள் போகும் கழிவுக் குழாயின் வாய் பழைய இடத்திலேயே, அதன் மையம் தரையிலிருந்து 470 மி.மீ. உயரத்தில், இருக்கிறது. சிங்க்கின் கழிவு வாயிலிருந்து அந்தத் துளை ஏறத்தாழ 600 மி.மீ. தள்ளியிருக்கிறது.

இரண்டு தொட்டிகளுக்கும் நெளிநெளியான ஃபிளெக்சிபிள் குழாய்களை மாட்டி, அவற்றை வளைத்துத் துளைக்குள் செருகிவிடலாம் என்று பிளம்பர் சொல்கிறார். பழைய சிங்க்கிலேயே வடிகஞ்சி ஊற்றினால் தண்ணீர் தேங்கித் தேங்கித்தான் இறங்கும் என்பதால், இம்முறை முறையாகச் செய்ய வேண்டும் என்று என் மாமியார் விரும்புகிறார். நெளிகுழாய் போதுமா? பாட்டில் டிராப் (நாற்றம் மேலே வராதபடி சிறிது நீரைத் தேக்கி வைக்கும் குடுவை வடிவ இணைப்பு) வைத்தால் நன்றாக இருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: அண்ணாநகர் கட்டுமானர்

வணக்கம் அம்மா. அளவுகளைக் குறிப்பிட்டு எழுதியதால் பதில் சொல்வது எளிதாயிற்று. தங்கள் சிக்கல் குழாயின் வகையில் இல்லை, உயரத்தில் இருக்கிறது.

மேலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள். 860-இல் தொட்டியின் ஆழம் 250 போனால் சிங்க்கின் அடிப்பாகம் 610-இல் நிற்கிறது. சிங்க்கின் கழிவு வாயில் பொருத்தும் கப்ளிங்கும் அதன் நட்டும் கீழே நீளும் பகுதிக்கு 75 மி.மீ. கழித்தால் 535. அங்கிருந்து பி டிராப்பின் (நீரைத் தேக்கி வைக்கும் வளைந்த குழாய்) வெளிவாய் மையம் ஏறத்தாழ 100 மி.மீ. தாழ்வாக, அதாவது 435-இல் வரும். கழிவுநீர்க் குழாய்க்கு 40-க்கு 1 என்ற சரிவு வேண்டும் என்பதால், 600 மி.மீ. தூரத்துக்கு இன்னும் 15 மி.மீ. இறங்கிச் சுவரில் 420-இல் சேர வேண்டும். தங்கள் துளையோ 470-இல் இருக்கிறது. இதே கணக்கைப் பழைய 200 மி.மீ. தொட்டிக்குப் போட்டால் சரியாக 470 வருகிறது; அந்தத் துளை அந்தச் சிங்க்குக்கென்றே போடப்பட்டது. இரண்டாவது தொட்டியின் குழாய் வந்து சேரும் டீக்கும் (மூன்று வாய் இணைப்பு) டிராப்புக்கு மேலே 60 மி.மீ. அளவுக்கு இடம் தேவைப்படும் என்பதால், துளை 350 மி.மீ. உயரத்துக்கு இறங்கினால்தான் தாராளமாக வேலை செய்யலாம். கப்ளிங், டிராப் ஆகியவற்றின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். எனவே பொருள்களை வாங்கி, சிங்க்கின் அடியில் வைத்து அளந்த பிறகே சுவரில் குறியிடச் சொல்லுங்கள்.

நெளிகுழாயைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றிச் செருகினாலும் தண்ணீர் போகத்தான் செய்யும். சுவர் வாய் தொட்டியின் அடியைவிடத் தாழ்வாக இருப்பதால் தொட்டி காலியாகிவிடும். அதனால்தான் பொருத்திய அன்று யாருக்கும் குறை தெரிவதில்லை. ஆனால் சுவர் வாயின் மட்டம் வரை குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கும். எண்ணெயும் கஞ்சியும் மாவு கழுவிய நீரும் அந்தத் தேக்கத்தில் அடங்கி, ஒவ்வொரு நெளிவிலும் படிந்துகொண்டே வரும். உட்புறம் வழவழப்பாக இருக்கும் 40 மி.மீ. பிவிசி குழாயைச் சரிவாகப் போட்டால், ஓடும் நீரே பெரும்பாலும் குழாயைக் கழுவிவிடும்.

பாட்டில் டிராப் வாஷ் பேசினுக்கு உரியது. சமையலறையில் புளிச்சக்கையும் தேங்காய்த் துருவலும் அதன் குடுவையில் தங்கி விரைவில் அடைத்துவிடும். 50 மி.மீ. நீர்த்தடுப்பு (நாற்றத்தைத் தடுக்கத் தேங்கி நிற்கும் நீர்) உள்ள, அடியில் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய மூடியுடன் வரும் பி டிராப்பே இங்கு ஏற்றது. இரண்டு தொட்டிகளுக்கும் சேர்த்து ஒரே டிராப் போதும். துளைக்கு அருகிலுள்ள தொட்டியின் கீழ் அதை வைத்து, மற்றத் தொட்டியின் குழாயைச் சரிவாகக் கொண்டுவந்து டிராப்புக்கு முன்பே இணைக்க வேண்டும்.

பதில் 2: குரோம்பேட்டை சங்கச் செயலாளர்

மேலே உள்ள கணக்கோடு நானும் உடன்படுகிறேன். சுவரை உடைக்கும் முன் இரண்டு செய்திகளை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலாவது, சுவருக்குள் போகும் குழாய் எங்கே சேர்கிறது என்பது. அது வீட்டுக்குள்ளோ யுட்டிலிட்டியிலோ (துணி, பாத்திரம் கழுவும் பகுதி) தரையில் பதித்திருக்கும் நானி டிராப்பில் விழுந்தால், அங்கே ஏற்கெனவே நீர்த்தடுப்பு இருக்கிறது. அதற்கு மேலே இன்னொரு டிராப் வைத்தால் இரண்டுக்கும் இடையே காற்று சிக்கிக்கொண்டு, தண்ணீர் கொப்பளித்து மெதுவாக இறங்கும். தங்கள் மாமியார் சொல்லும் தேக்கத்துக்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். டக்டில் (குழாய்கள் இறங்குவதற்காகக் கட்டடத்தில் விட்ட இடைவெளி) உள்ள செங்குத்துக் குழாயோடு நேரடியாகச் சேர்ந்தால், சிங்க்கின் கீழ் டிராப் கட்டாயம் வேண்டும். இல்லையேல் சாக்கடை நாற்றமும் கரப்பான் பூச்சியும் நேராகச் சமையலறைக்கு வரும்.

இரண்டாவது, துளையை இறக்கும் இடத்தில் கான்கிரீட் தூணோ பீமோ இருந்தால் எக்காரணம் கொண்டும் கை வைக்கக் கூடாது. செங்கல் சுவர் என்றால் இறக்கலாம். அப்போது டக்டில் உள்ள குழாயிலும் தாழ்வாக ஒரு டீ வெட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். அது எல்லோருக்கும் பொதுவான குழாய் என்பதால், சங்கத்திடம் சொல்லி, வேலை முடியும்வரை மேல்தளத்தார் சமையலறைத் தண்ணீர் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்குச் சோம்பல்பட்டு, யுட்டிலிட்டி வழியாக இறங்கும் மழைநீர்க் குழாயில் இணைத்துவிடும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்டபின், பல குடியிருப்புகளில் அந்தக் குழாய் நேராக உறிஞ்சு கிணற்றுக்குத்தான் போகிறது. எண்ணெய் கலந்த கழிவு அங்கே இறங்கினால், நாமே போர்வெல்லில் மேலேற்றிப் புழங்கும் நிலத்தடி நீர்தான் கெடும்.

மடிப்பாக்கம் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. பார்த்துவிட்டோம், குழாய் டக்டில்தான் நேரடியாகச் சேர்கிறது, சுவரும் செங்கல் சுவர்தான். சங்கத்தில் ஒப்புக்கொண்டார்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு டியூபை எங்கே விடுவது? எல்லா இணைப்புகளுக்கும் டெஃப்லான் டேப் சுற்றப்போவதாகப் பிளம்பர் சொல்கிறார்; அது சரியா?

பதில் 3: பெரம்பூர் பிளம்பிங் மேற்பார்வையாளர்

டிராப்பின் நட்டுகளுக்கு டேப் தேவையில்லை அம்மா. அங்கே நீரைத் தடுப்பது மரை அன்று, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். டேப் சுற்றினால் நட்டு முழுவதும் ஏறாமல், வாஷர் சரியாக அழுந்தாமல் போகும். வாஷரின் சரிந்த பக்கம் இணைப்பின் வாயை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் கசியும். கையால் இறுக்கிய பின் ஸ்பானரால் கால் சுற்று போதும். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் நட்டு விரிசல் விடும்.

கப்ளிங்கைப் பொறுத்தவரை, விளிம்புக்குக் கீழே சிலிக்கான் தடவி உட்கார வைத்து, சிங்க்கின் அடியில் ரப்பர் வாஷரைப் போட்டு நட்டை ஏற்ற வேண்டும். நட்டைத் திருகும்போது மேலே கப்ளிங் கூடவே சுற்றாதபடி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். சுற்றினால் சிலிக்கான் பிசிறிவிடும். 24 மணி நேரம் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். சொல்யூஷன் (பிவிசி பசை) போட்டு ஒட்டுவது சுவருக்குள் போகும் இணைப்புகளுக்கு மட்டும் இருக்கட்டும். டிராப்பையும் ஒட்டிவிட்டால், அடைப்பு வரும் நாளில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஆர்.ஓ. டியூபுக்காகக் குழாயில் துளை போட்டுச் செருக விடாதீர்கள். சிறு முனை வைத்த டீ கடையில் கிடைக்கும். அதை டிராப்புக்கு மேலே பொருத்தி டியூபை மாட்டினால் நாற்றமும் வராது, கசிவும் இராது.

சோதிக்கும்போது குழாயைத் திறந்து பார்ப்பது மட்டும் போதாது. இரண்டு தொட்டிகளையும் விளிம்பு வரை நிரப்பி, அடைப்பான்களை ஒரே நேரத்தில் எடுத்து, கீழே ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த செய்தித்தாளால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தாளில் தெரிந்துவிடும். கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியை ஊற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள். கடும் சூட்டில் பிவிசி இளகி, குழாய் தொய்ந்து, இவ்வளவு பாடுபட்டு வைத்த சரிவு கெட்டுப்போகும். கஞ்சி சற்று ஆறிய பின், கூடவே தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டு ஊற்றினால் போதும்.